அக்காவுக்கு 33 வாரம், எனக்கும் அப்படித்தானா?

கேள்வி: மேடம், எனக்கு 26 வயது. வலங்கைமான் பக்கம் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். முதல் கர்ப்பம். ஜூலை 10-ஆம் தேதியோடு 13 வாரம். அம்மா வீடு தலைஞாயிறு பக்கம். நான் ஏழாம் மாதத்தில் பிறந்தவளாம். அம்மாவுக்குத் திடீரென்று வலி வந்து, வாடகைக் காரில் நாகப்பட்டினம் போகும் வழியிலேயே பிறந்துவிட்டேன் என்று சொல்வார்கள். தஞ்சாவூரில் இருக்கும் என் அக்காவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் 33 வாரத்திலேயே, கால் முகமெல்லாம் வீங்கி, பிரஷர் ஏறி, மிராசுதார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். பையன் மூன்று வாரத்துக்கு மேல் பெட்டியில் இருந்தான். இப்போது நன்றாக ஓடி விளையாடுகிறான். சித்திக்கும் ஒரு குழந்தை குறைமாதத்தில் பிறந்து தங்காமல் போய்விட்டது.

நான் கட்டியிருப்பது சொந்த அத்தை மகனை. அத்தை பாசமானவர்தான். ஆனாலும் ‘அவ அம்மா வழியே அப்படித்தான், ஒருத்தியும் முழுசா சுமக்க மாட்டாளுவோ’ என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். இது ஜீனில் வருவதா? சொந்தத்தில் கட்டியதால் இன்னும் கூடுமா? ஒரு லேப்பில் ரத்தம் கொடுத்தால் குறைப்பிரசவம் ஆகுமா ஆகாதா என்று ஜீனைப் பார்த்துச் சொல்லிவிடுவார்களாம். பல ஆயிரம் செலவாகும் என்கிறார்கள். செய்யலாமா? வீட்டு நிலத்தில் நடவுக்கும் களைக்கும் நானும் இறங்குவேன். அதை நிறுத்த வேண்டுமா?

– பெயர் வெளியிட வேண்டாம்

பதில்: அவசரமான ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இதழ் உங்கள் கைக்கு வரத் தாமதமாகும் என்பதால் இந்தப் பகுதியை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன்.

ஜீன், லேப், சொந்தம் என்று நிறையக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் போகிற போக்கில் நீங்கள் எழுதிய ‘கால் முகமெல்லாம் வீங்கி, பிரஷர் ஏறி’ என்ற வரியில்தான் நான் நின்றுவிட்டேன். உங்கள் அக்காவுக்கு வலி தானாக வந்து குழந்தை பிறக்கவில்லை. கர்ப்பகால ரத்த அழுத்த நோய் வந்து, இனிக் குழந்தையை உள்ளே விட்டுவைப்பது இருவருக்குமே ஆபத்து என்று முடிவு செய்து டாக்டர்கள் எடுத்திருக்கிறார்கள். இதற்குப் பெயர் பிரீ-எக்ளாம்ப்ஸியா. உங்கள் அம்மாவுக்கு நடந்ததும் இதுவும் ஒன்றல்ல. இரண்டையும் ‘குறைமாதம்’ என்று ஒரே மூட்டையில் கட்டியதால்தான் வம்சத்தின் மேல் பழி வருகிறது.

அம்மாவுக்கோ உடன்பிறந்த அக்கா தங்கைக்கோ பிரீ-எக்ளாம்ப்ஸியா வந்திருந்தால் அது ஒரு அபாயக் குறி. முதல் கர்ப்பம் என்பது இன்னொரு குறி. தனித்தனியாக இவை பெரிதில்லை. இரண்டும் ஒரே பெண்ணிடம் சேர்ந்தால், குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரையைத் தொடங்குவது பற்றி யோசிக்க வேண்டும் என்பதுதான் இன்றைய வழிகாட்டுதல். மாரடைப்புக்காரர்கள் போடுகிற அதே மாத்திரைதான். நாளுக்கு 75 முதல் 150 மில்லிகிராம் வரை, இரவில் ஒரு வேளை. இதில் காலம் முக்கியம். நஞ்சுக்கொடி கர்ப்பப்பைச் சுவரில் வேர் பிடிக்கும் நாட்களிலேயே மருந்து உள்ளே இருக்க வேண்டும், அதனால் 12 வாரத்துக்குப் பிறகு, 16 வாரத்துக்கு முன்பாகத் தொடங்குவதே நல்லது. 2017-இல் வெளிவந்த ஒரு பெரிய ஐரோப்பிய ஆய்வில், அபாயம் கூடியவர்கள் என்று முன்கூட்டியே கணித்த பெண்களுக்கு 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன்பே பிரசவத்தில் கொண்டுவிடுகிற பிரீ-எக்ளாம்ப்ஸியா அவர்களிடம் பாதிக்கும் கீழே குறைந்தது.

மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்கிப் போட வேண்டாம். ஆஸ்துமா, வயிற்றுப் புண், ஆஸ்பிரின் ஒவ்வாமை இருந்தால் கணக்கு மாறும். இந்த வாரமே உங்கள் டாக்டரைப் பார்த்து, ‘அக்காவுக்கு பிரஷர் ஏறி 33 வாரத்தில் எடுத்தார்கள், எனக்கு ஆஸ்பிரின் வேண்டுமா?’ என்று நேராகக் கேளுங்கள். ‘எங்க குடும்பத்துல குறைப்பிரசவம் உண்டு’ என்று பொதுவாகச் சொன்னால் ஒருவேளை தலையாட்டிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடுவார்.

இனி உங்கள் அத்தையின் பேச்சுக்கு வருவோம். உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் அவர் சொன்னதில் பாதி சரி.

37 வாரம் முடிவதற்கு முன் பிறந்தால் குறைமாதக் குழந்தை. தானாக வலி வந்தோ, பனிக்குடம் உடைந்தோ ஆகிற குறைப்பிரசவத்தில் குடும்ப வழி என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. பல தலைமுறைகளின் பிரசவங்களையும் பதிவு செய்து வைத்திருக்கும் நார்வே, சுவீடன், டென்மார்க் நாடுகளில் இதை நன்றாக ஆராய்ந்திருக்கிறார்கள். தானே குறைமாதத்தில் பிறந்த பெண்ணுக்கு, அவள் பிரசவத்திலும் அது நேர்வதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. உடன்பிறந்த அக்காவுக்கு நேர்ந்திருந்தாலும் கூடுகிறது. ஒரு தாய்க்கும் வேறுவேறு தகப்பனுக்கும் பிறந்த அக்கா தங்கைகளிடம் இந்தத் தொடர்பு தெரிகிறது. ஒரே தகப்பனுக்கு வேறுவேறு தாய் வழியில் பிறந்தவர்களிடம் காணவில்லை. தகப்பன் குறைமாதத்தில் பிறந்திருந்தால் அவன் பிள்ளைக்கு அதனால் ஏதும் பெரிதாக மாறுவதில்லை. ஆக, ‘அம்மா வழி’ என்று உங்கள் அத்தை சொன்ன திசை சரிதான்.

‘ஒருத்தியும் முழுசா சுமக்க மாட்டாளுவோ’ என்றாரே, அதுதான் தப்பு. 2020-க்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், இந்தியாவில் 100 பிறப்புக்கு ஏறத்தாழ 13 குறைமாதம். ஒரே வருஷத்தில் 30 லட்சம் குழந்தைகள், எந்த நாட்டிலும் இல்லாத எண்ணிக்கை. அந்த 13-ஐ ஒன்றரை மடங்காக்குங்கள். 20-க்குள் நிற்கும். இது தோராயக் கணக்கு, உங்களுக்கென்று அளந்து தைத்த எண் அல்ல. இருந்தாலும் உங்களைப் போன்ற நூறு பெண்களில் எண்பது பேர் முழு மாதம் சுமந்து பெறுகிறார்கள் என்பதை அத்தையிடம் சொல்லலாம். மீதி இருபதிலும் பெரும்பாலோர் 32 வாரம் தாண்டியவர்கள். அக்கா பையனைப் போல அவர்களில் மிகப் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

ஜீன் என்று சொல்கிறார்களே, அது எதைச் செய்கிறது? இரட்டையராகப் பிறந்த பெண்களின் பிரசவங்களை ஒப்பிட்ட ஆய்வுகள், பிரசவம் எப்போது நிகழ்கிறது என்பதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 25 முதல் 40 சதவீதம் வரை மரபணுக்களால் விளக்கலாம் என்கின்றன. இதை ‘எனக்கு 40 சதவீதம் குறைமாதம் ஆகும்’ என்று படித்துப் பயந்து வருபவர்கள் உண்டு. அப்படி அர்த்தமில்லை. ஒரு கூட்டத்துக்குள் இருக்கும் வேறுபாட்டைப் பற்றிய எண் அது. தனி ஒருத்தியின் தலையெழுத்தை அது சொல்லாது.

2017-இல் அமெரிக்க, ஐரோப்பிய விஞ்ஞானிகள் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்கள் 43,568 பேரின் மரபணுக்களைப் பார்த்தார்கள். கர்ப்பம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதோடு தொடர்புள்ள ஆறு இடங்கள் கிடைத்தன. ஒன்று, கரு வந்து ஒட்டுவதற்குக் கர்ப்பப்பையின் உட்சுவர் தயாராவதில் பங்குள்ள ஜீன். இன்னொன்று, செலினியம் என்னும் தாதுவை உடல் தன் புரதங்களில் சேர்த்துக்கொள்ள உதவுவது. வேறொன்று ரத்தக் குழாய்களைச் சார்ந்தது. 2023-இல் ஏறத்தாழ இரண்டு லட்சம் பெண்களை வைத்துச் செய்த ஆய்வில் இடங்களின் எண்ணிக்கை 22 ஆனது. நம் நாட்டிலும் ஹரியானாவின் குருகிராம் அரசு மருத்துவமனையில் 2015 முதல் ‘கர்பினி’ என்ற திட்டத்தில் ஆயிரக்கணக்கான கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து வருகிறார்கள். அதிலிருந்து, தானாக நிகழும் குறைப்பிரசவத்தோடு தொடர்புள்ள 19 மரபணுக் குறிகளை எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். வெள்ளைக்காரப் பெண்களிடம் கண்டதை அப்படியே நம் பெண்கள்மேல் ஏற்ற முடியாது என்பதால் அந்த வேலைக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனால் குருகிராமில் கண்டதை வலங்கைமானுக்கு அப்படியே ஏற்றலாமா என்பதையும் நம் பக்கத்துப் பெண்களைச் சேர்த்துப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

மேட்டூரில் ஷட்டரைத் தூக்கினால் தண்ணீர் வருகிற மாதிரி ஒரே ஒரு ஜீன் பிரசவத்தைத் திறந்துவிடுவதில்லை. கண்ணி வாய்க்கால்கள் மாதிரி பல இடங்களிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சின்னது. அதோடு சிறுநீரில் கிருமி, ரத்தசோகை, இரட்டைக் குழந்தை, அடுத்தடுத்த கர்ப்பம், புகையிலை என்று எத்தனையோ சேர்ந்துதான் கடைசிக் கணக்கு.

ஆகவே அந்த லேப் செலவு வேண்டாம். அதன் முடிவை வைத்துக்கொண்டு எந்த டாக்டரும் உங்கள் வைத்தியத்தில் ஒரு மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ‘அபாயம் அதிகம்’ என்று ஒரு தாள் வந்தால் தூக்கம் போகும். ‘அபாயம் குறைவு’ என்று வந்தால் இன்னும் மோசம், செய்ய வேண்டிய ஸ்கேனைச் செய்யாமல் விட்டுவிடுவீர்கள். இன்னொரு குழப்பமும் உண்டு. தாயின் ரத்தத்தை எடுத்து டவுன் சிண்ட்ரோம் போன்ற குரோமோசோம் கோளாறுகளைப் பார்க்கும் ஒரு பரிசோதனை இப்போது பரவலாக நடக்கிறது. உங்கள் காதில் விழுந்தது அதுவாகக்கூட இருக்கலாம். அது நல்ல பரிசோதனைதான், ஆனால் குறைப்பிரசவத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

அத்தை மகனைக் கட்டியதைப் பற்றி. தமிழ்நாட்டில் நூற்றுக்கு 28 பெண்கள் சொந்தத்தில் கட்டியவர்கள் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு. காவிரிக் கரையில் இது புதுசும் இல்லை. நீங்களும் உங்கள் கணவரும் பகிர்ந்துகொள்வது உங்கள் அப்பாவைப் பெற்ற தாத்தா பாட்டியின் ஜீன்களை. குறைப்பிரசவத்தில் பேச்சுக்கு வருவது உங்கள் அம்மா வழி. அந்த வழிக்கும் கணவருக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் அது இரட்டிப்பாக வழியில்லை. சொந்தத் திருமணத்தின் உண்மையான கவலை வேறு. இரண்டு பேரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறையுள்ள ஜீன் குழந்தையிடம் ஜோடி சேர்வதுதான் அது. பிறவிக் குறைகளின் வாய்ப்பு வழக்கத்தைவிட நூற்றுக்கு இரண்டு மூன்று கூடும். 18 முதல் 20 வாரத்துக்குள், குழந்தையின் உறுப்புகளில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் அனாமலி ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். பரம்பரையாக வரும் ரத்த நோயான தலசீமியாவுக்கான பரிசோதனையையும் கேளுங்கள், அது பல்லாயிரம் ஆகாது. ‘சொந்தத்துல கட்டியாச்சு, இனி என்ன’ என்று கையை விரிப்பதும் வேண்டாம். இப்படிக் கட்டியவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல குழந்தைகள்தான்.

பிரீ-எக்ளாம்ப்ஸியாவில் மட்டும் ஒரு வேடிக்கை இருக்கிறது. நஞ்சுக்கொடி குழந்தையுடையது, குழந்தை பாதி தகப்பனுடையது. அதனால் அங்கே தகப்பன் வழியும் கணக்கில் வருகிறது. தன்னைச் சுமந்தபோது அம்மாவுக்கு இந்த நோய் இருந்த ஆண்கள் தகப்பனாகும்போது, அவர்கள் மனைவிக்கும் அது வரும் வாய்ப்பு கூடுவதாக அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வு ஒன்று 2001-லேயே காட்டியது. ஆகவே அத்தையிடம் மரியாதையாகவே கேளுங்கள்: ‘இவரைச் சுமந்தப்ப உங்களுக்கு பிரஷர் இருந்துச்சா அத்தை? காலு வீங்குச்சா? வலிப்பு வந்துச்சா?’ வம்சத்தைப் பற்றிப் பேசுவது என்றால் இரண்டு வம்சத்தையும் பேசிவிடலாம்.

ஜீனைப் பார்க்க லேப்புக்குப் போவதைவிட, இந்த மாதிரிக் கேள்விகளை வீட்டுப் பெண்களிடம் கேட்பது பல மடங்கு பயன் தரும். நம் வீடுகளில் பிரசவக் கதைகளுக்குப் பஞ்சமில்லை, விவரத்துக்குத்தான் பஞ்சம். ‘ஏழு மாசத்துல பொறந்தா’ என்பார்கள். எந்த ஏழு? 26 வருஷத்துக்கு முன் கிராமத்தில் முதல் மூன்று மாத ஸ்கேன் யார் செய்தார்கள்? மாதம் தள்ளிப்போனதை விரல்விட்டு எண்ணியதுதான். அந்த ‘ஏழாம் மாதம்’ 28 வாரமாகவும் இருக்கலாம், 35 வாரமாகவும் இருக்கலாம்.

அம்மாவிடம் கேளுங்கள். நீங்கள் பிறந்தபோது எடை எவ்வளவு? பெட்டியில் வைத்தார்களா? முதல் நாளே மார்பில் பால் குடித்தீர்களா? எத்தனை நாளில் வீட்டுக்கு வந்தீர்கள்? பாலை உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விடுகிற சாமர்த்தியம் குழந்தைக்கு 34 வாரம் சுமாரில்தான் கைவருகிறது. காரில் பிறந்த நீங்கள் அன்றே பால் குடித்து, இரண்டு மூன்று நாளில் தலைஞாயிறு வந்து சேர்ந்திருந்தால் ஏழாம் மாதக் குழந்தையாக இருந்திருக்க முடியாது. எட்டரை மாதம் இருக்கும். அதற்கும் மேலே இருந்தால், எடை குறைந்த முழு மாதக் குழந்தையைச் சொந்தக்காரர்கள் குறைமாதம் என்று முடிவு கட்டியதாகக்கூட இருக்கலாம். அப்படியென்றால் உங்கள் ‘குடும்ப வழி’யில் பாதி கரைந்துவிடுகிறது.

சித்தியிடம் கேட்பது கஷ்டம். தங்காமல் போன குழந்தையைப் பற்றி எந்தப் பெண்ணும் எளிதில் பேச மாட்டாள். அம்மாவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தெரிய வேண்டியது ஒன்றுதான்: பெரிதாக வலி இல்லாமலே ஐந்து, ஆறாம் மாதத்தில் வந்துவிட்டதா? ‘பாத்ரூம் போனேன், எதோ எறங்கற மாதிரி இருந்துச்சு’ என்று சொல்வார்கள். அது கர்ப்பப்பை வாய் தாங்காமல் திறந்துகொண்டதைக் காட்டும். வலி, காய்ச்சல், நீர் உடைந்தது என்றால் கதை வேறு. அரிதாக, சில குடும்பங்களில் உடலின் இணைப்புத் திசுவே தளர்வாக இருக்கும். விரல், முழங்கை எல்லாம் அளவுக்கு மீறிப் பின்னால் வளையும், தோல் இழுபடும், மூட்டு அடிக்கடி நழுவும். உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். ஒற்றை ஜீனில் ஏற்படும் குறை நேராகக் குறைப்பிரசவத்தில் கொண்டுபோய் விடும் சில இடங்களில் அதுவும் ஒன்று.

ஜீனை அளந்து பயனில்லை என்றேன். ஆனால் கர்ப்பப்பை வாயை அளக்கலாம். உங்கள் விஷயத்தில் நான் பிடிவாதமாகச் சொல்வது இதைத்தான். ஆகஸ்ட் 14 முதல் 28-க்குள், ஆவணி பிறக்கும் சமயத்தில், அனாமலி ஸ்கேனுக்குப் போவீர்கள். அன்றைக்கே கர்ப்பப்பை வாயின் நீளத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தால் சரியான அளவு கிடைக்காது, உள்ளே வைத்துத்தான் பார்க்க வேண்டும். கூச்சப்பட வேண்டாம், வலிக்காது, குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. அந்த வாரங்களில் மூன்றரை சென்டிமீட்டர் சுமார் இருக்க வேண்டியது இரண்டரைக்குக் கீழே இருந்தால், இரவில் பெண்ணுறுப்பினுள் வைத்துக்கொள்ளும் புரோஜெஸ்டிரோன் மாத்திரை தருவார்கள். அப்படிக் குறுகிய வாயுள்ள பெண்களிடம் முன்கூட்டிய பிரசவம் கணிசமாகக் குறைகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. முன்பே குறைப்பிரசவமோ ஐந்தாம் மாத இழப்போ ஆனவர்களுக்குத் தையல் போடுவதும் உண்டு. முதல் கர்ப்பம் என்பதால் உங்களுக்கு இப்போதைக்கு அந்தப் பேச்சு இல்லை.

வாராவாரம் போடுகிற புரோஜெஸ்டிரோன் ஊசியை யாராவது சிபாரிசு செய்தால், எதற்கு என்று கேளுங்கள். குறைப்பிரசவத்தைத் தடுக்கவென்று விற்ற அந்த ஊசிக்குத் தந்திருந்த அனுமதியை, பலன் நிரூபணமாகவில்லை என்று 2023 ஏப்ரலில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பப் பெற்றது. ‘கட்டிலை விட்டு இறங்காதே’ என்ற யோசனையும் அப்படித்தான். படுத்தே கிடந்து பிரசவத்தைத் தள்ளிப்போட முடியும் என்பதற்கு ஆதாரமில்லை. காலில் ரத்தம் உறைவதும் தசை தளர்வதும்தான் மிச்சம்.

நடவு வேலை. வீட்டைச் சுற்றி நடமாடுவது, மேற்பார்வை பார்ப்பது எல்லாம் இருக்கட்டும். சேற்றில் குனிந்தபடி மணிக்கணக்கில் நாற்று நடுவதை இந்த வருஷம் விடுங்கள். சம்பா நடவு மும்முரமாகும்போது உங்களுக்கு 24 வாரம் தாண்டியிருக்கும். வெயிலும் ஒரு காரணம். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்ததில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களிடம் கருச்சிதைவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. வயலில் தண்ணீர் குடிக்காமலும், ஒதுங்க இடமில்லாமல் சிறுநீரை அடக்கியும் வேலை செய்வதால் நீர்த்தாரையில் கிருமி சேர்கிறது. அது வலியைத் தூண்டிவிடும். எரிச்சல் இல்லாவிட்டாலும் ஒருமுறை சிறுநீர் கல்ச்சர் செய்துகொள்ளுங்கள், அறிகுறியே காட்டாத கிருமியும் உண்டு. வெற்றிலையோடு புகையிலை சேர்க்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள். இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்காதீர்கள், ஒன்று மற்றதைச் சேரவிடாது. பப்பாளி, எள்ளு பற்றி வீட்டில் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் சண்டை வேண்டாம்.

உங்கள் தேதிகளைக் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். 40 வாரம் நிறைவது ஜனவரி 15, பொங்கல். முழு மாதம் என்று சொல்லத்தக்க 37 வாரம் டிசம்பர் 25. நாம் கவனமாக இருக்க வேண்டிய 24-லிருந்து 34 வாரம் செப்டம்பர் 25 முதல் டிசம்பர் 4 வரை. அதாவது ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெரும்பகுதி அதற்குள் வருகிறது. வழக்கப்படி ஏழாம் மாதத்தில் வளைகாப்பு போட்டுத் தாய் வீட்டுக்கு அனுப்புவார்கள். தலைஞாயிறு என்றால் எனக்குக் கஜா புயல்தான் நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பர் 16-ஆம் தேதிக்குப் பிறகு அந்தப் பக்கத்துச் சாலைகள் கிடந்த கோலத்தை நீங்களே பார்த்திருப்பீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பிரசவ தேதி நெருங்கிய பெண்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்க்கும் வேலையை நம் சுகாதாரத் துறையினர் செய்கிறார்கள். ஆனால் ஜனவரி தேதி உள்ளவர் நவம்பரில் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார். உங்கள் கிராம சுகாதார நர்ஸிடம் இப்போதே குடும்ப விவரத்தைச் சொல்லி, அரசின் கர்ப்பிணிப் பதிவான பிக்மியிலும் அபாயக் கர்ப்பம் என்று குறிக்கச் சொல்லுங்கள்.

வளைகாப்பு நடக்கட்டும், வளையல் போட்டுக்கொள்ளுங்கள். கிளம்புவதை மட்டும் டிசம்பர் முதல் வாரம் வரை தள்ளிவையுங்கள். அம்மா உங்களிடம் வந்து இருக்கலாம். இல்லாவிட்டால் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் இருங்கள். பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மிராசுதார் ஆஸ்பத்திரி அங்கே இருக்கிறது. காரணம் இதுதான்: 34 வாரத்துக்கு முன் வலி வந்தால், குழந்தையின் நுரையீரல் முதிர ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 1972-இல் நியூசிலாந்தில் இரண்டு மருத்துவர்கள் காட்டிய வழி அது. அதன் பிறகு எத்தனையோ லட்சம் பச்சிளம் குழந்தைகள் அதனால் பிழைத்திருக்கின்றன. ஊசியின் முழுப் பலன் கிடைக்க ஒரு நாள் ஆகும். ஆகவே எவ்வளவு சீக்கிரம் வந்து சேருகிறோமோ அவ்வளவு நல்லது.

ஊர்ப்பக்கம் இந்த நேரம் எங்கே வீணாகிறது என்றால், ‘சூட்டு வலி’யில். அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது என்று பெண் சொன்னதும் சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்து, விளக்கெண்ணெய் தடவி, காலை வரை பார்ப்போம் என்று படுக்க வைப்பார்கள். முழு மாதத்தில் அது சரி. 37 வாரத்துக்கு முன்னால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வயிறு கல்லாக இறுகினாலோ, இடுப்பில் விட்டுவிட்டு வலித்தாலோ, நீர் கசிந்தாலோ, ரத்தம் கலந்த சளி பட்டாலோ, கண் மங்கி, தலை வலித்து, மேல்வயிறு எரிந்தாலோ சீரகம் தேட வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். போய்ப் பார்த்துப் பொய் வலி என்று திருப்பி அனுப்பினால் அலைச்சலாகத் தோன்றலாம். எங்களுக்கு அதில் ஒரு சிரமமும் இல்லை, அடுத்த முறையும் அதே மாதிரி வாருங்கள். ஏழு மாதக் குழந்தை பிழைக்கும், எட்டு மாதக் குழந்தை பிழைக்காது என்று யாராவது சொன்னால் அதையும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு வாரம் கூடக்கூடப் பிழைப்பும் கூடுகிறது, எட்டில் திரும்பிக் குறைவதில்லை.

இந்த வாரச் செக்கப்புக்கு அத்தையையும் கூட்டிப் போங்கள். டாக்டர் அவரிடமும் நாலு கேள்வி கேட்கட்டும். அக்காவின் டிஸ்சார்ஜ் சம்மரியை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாமல், நல்ல ஜெராக்ஸாக எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும்.